தண்ணீர் வழியும் நாட்கள் நீங்கலாக

இந்த நாட்டில் ஓர் அணையைப் பார்க்கப் போகிறவர் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் கருங்காலித்தாங்கல் அணையின் வருகைப் பதிவேட்டில் 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. சட்டத்தை மீறிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. கட்டத்தை நிரப்பாமல் யாரும் போய்விட முடியாது.

நம்பிராஜன் ஒரகடத்தில் கார் சீட்டுகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஆறு பேர் தங்கும் அறையில் ஆறில் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற ஐந்து பேரும் துணி துவைத்தார்கள், படத்துக்குப் போனார்கள், மிச்ச நேரம் தூங்கினார்கள். நம்பிராஜன் அணை பார்த்தான். பாபநாசம், மணிமுத்தாறு, வைகை, மேட்டூர், சாத்தனூர் என்று அதுவரை பதினெட்டு. சாத்தனூரில் முதலைப் பண்ணை இருக்கிறது. அந்தப் பக்கம் அவன் திரும்பவில்லை. முதலை பார்க்க வந்தவன் முதலை பார்க்கட்டும் என்பது அவன் கட்சி.

தனக்கென்று அவன் ஒரே ஒரு விதி வைத்திருந்தான். அணைச் சுவரை மட்டும் பார்த்தால் கணக்கில் சேராது. மதகு வழியாகவோ மேலே வழிந்தோ தண்ணீர் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இதற்காக மேட்டூருக்கு மூன்று தடவை போய்வந்தான். விதியை உண்டாக்கியவனும் அவன்தான், கடைப்பிடிக்க வேண்டியவனும் அவன்தான் என்பதால் சலுகை கேட்க இடமில்லை.

பத்தொன்பதாவது அணை அவன் அறையிலிருந்து பதினோரு கிலோமீட்டரில் இருந்தது. பொதுப்பணித் துறையின் ஏட்டில் அது ஓர் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்தது. ஊர்க்காரர்கள் அந்த ஆற்றில் மாடு மேய்த்தார்கள்.

2009 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அங்கே போய்ச் சேர்ந்தபோது காவலாளி சின்னப்பராஜ் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, எந்த ஆபீசு?"

"ஆபீசு இல்ல அண்ணாச்சி. அணையைப் பாக்க வந்தேன்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டுப் போயிருவேன்."

சின்னப்பராஜ் திரும்பி அணையைப் பார்த்தார். பதினான்கு வருடமாக அதற்குக் காவல் இருக்கிறார். இத்தனை காலமும் அதில் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

"இதுல இன்னா கீது பாக்க? சொட்டுத் தண்ணி இல்ல."

"வரும்லா."

"எப்ப?"

"அது தெரிஞ்சா அன்னைக்கு மட்டும் வந்திருப்பேனே."

பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். கடைசியாக ஒருவர் கையெழுத்திட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. நோக்கம் என்ற இடத்தில் அவர் 'ஆய்வு' என்று எழுதியிருந்தார். நம்பிராஜன் அதற்குக் கீழே 'அணையைப் பார்த்தல்' என்று எழுதினான். சின்னப்பராஜ் அதை இரண்டு தடவை படித்தார்.

"இப்டிலாம் எழுதலாமா தம்பி? மேல இருக்கறவரு எவ்ளோ டீசன்ட்டா எழுதிகிறாரு பாரு."

"அவரு எவ்வளவு நேரம் இருந்தாரு?"

"ஜீப்ப வுட்டே எறங்கல."

நம்பிராஜன் கரையில் உட்கார்ந்து அணையைப் பார்க்க ஆரம்பித்தான். அரைமணி நேரம் கழித்து சின்னப்பராஜ் சட்டையை மாற்றிக்கொண்டு அவனிடம் வந்தார்.

"ஞாயித்துக்கெழம பூசை பாத்து எத்தினி வருசம் ஆவுது தெரியுமா. எந்நேரமும் டூட்டி. நீ எப்டியும் இங்கயே குந்திகினு இருக்கப் போற. நான் மாதா கோயிலுக்குப் போய்ட்டு வந்துர்றேன்."

இப்படியாக ஒவ்வொரு ஞாயிறும் சின்னப்பராஜ் பூசைக்குப் போனார், பார்வையாளன் அணையைக் காவல் காத்தான். காவலில்லாமல் அணை விடப்பட்டது என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஓர் ஆள் அதன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கட்டி முடித்த நாளிலிருந்து அந்த அணை அவ்வளவு கவனமாகக் காக்கப்பட்டதில்லை. தண்ணீர் மட்டும் வரவில்லை.

வருடத்தில் ஐம்பத்திரண்டு ஞாயிறு. அந்த வருடம் ஒன்றை அவன் வருவதற்கு முன்பே விட்டிருந்தான், இன்னொன்றை ஓ.டி. கொண்டுபோயிற்று. ஆகப் பதிவேட்டில் ஐம்பது கையெழுத்துகள்.

மறு வருடத் தொடக்கத்தில் உதவிப் பொறியாளர் சந்திரலேகாவின் மேசைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆண்டொன்றுக்கு ஐம்பதுக்குக் குறையாத பார்வையாளர்கள் வருகை தரும் நீர்நிலைகளின் விவரத்தை மூன்று தினங்களுக்குள் அனுப்ப வேண்டியது, இதனை மிக அவசரமாகக் கருதவும் என்று அதில் கண்டிருந்தது. சந்திரலேகா பதிவேட்டை வரவழைத்து எண்ணினார்.

"என்ன சின்னப்பராஜ், எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கு?"

"ஒரே ஆளுதான் மேடம்."

"ஐம்பது தடவையுமா? எதுக்கு வர்றார்?"

"அதான் எழுதிகிறாரே மேடம். பாக்க."

சந்திரலேகா சுற்றறிக்கையை மறுபடி படித்தார். எத்தனை பார்வையாளர்கள் என்றுதான் கேட்டிருந்தார்கள். வெவ்வேறு ஆட்களா என்று கேட்கவில்லை. அவர் நேர்மையான அதிகாரி. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவது முறையாகாது. மேலும், பூஜ்யம் என்று எழுதினால் ஏன் என்று கேட்டு இன்னொரு கடிதம் வரும். ஐம்பது என்று எழுதினால் வராது. எழுதினார்.

ஆனால் வந்தது. கடிதம் அல்ல, ஆலோசகர். துறைக்கு வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட அந்த இளைஞரின் பெயர் நிர்மல். கழுத்தில் டை, மடியில் லேப்டாப். அந்த நாட்களில் எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன் ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொள்வது நாகரிகமாக இருந்தது. கருங்காலித்தாங்கலின் சுற்றுலாப் பயணிகளிடம் கருத்துக்கணிப்பு நடத்த வேண்டும் என்றார். சுற்றுலாப் பயணிகள் அப்போது கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

"நீங்க எத்தனை பேர் கொண்ட குழுவா வருவீங்க?"

"நான் மட்டுந்தான் சார்."

'தனிப் பயணிகள் நூறு சதவீதம்' என்று நிர்மல் தட்டினார்.

"ஒரு விசிட்டுக்கு எவ்வளவு நேரம் செலவழிப்பீங்க?"

"காலைல ஒன்பதுக்கு வந்தா சாயங்காலம் நாலு மணி வரைக்கும்."

நிர்மலின் விரல்கள் நின்றன. "ஏழு மணி நேரமா? மகாபலிபுரத்துலயே யாரும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கறதில்லை."

"அங்க பாக்கதுக்கு ஏதாவது இருக்கும் சார். பாத்துட்டுச் சீக்கிரம் போயிருவாங்க. இங்க தண்ணி வரணும்லா."

'பயணிகளைத் தக்கவைக்கும் ஆற்றலில் மகாபலிபுரத்தைப்போல் மூன்றரை மடங்கு' என்று அறிக்கையில் ஏறியது.

"சரி, இந்த இடத்தை மேம்படுத்த என்னென்ன செய்யலாம்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். இப்படியே இருந்தாப் போதும்."

நிர்மல் அவனை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு தட்டினார்: 'பயணிகளின் எதிர்பார்ப்பு மிகவும் தாழ்ந்த நிலையில் உள்ளது. முதற்கட்டமாக அது உயர்த்தப்பட வேண்டும்.'

அந்த வருடக் கடைசியில் வேலை தொடங்கியது. முதலில் பார்வைக் கோபுரம். அணையை நோக்கியிருந்த நிலம் முழுவதும் அணைப் பாதுகாப்பு எல்லைக்குள் வந்ததால் அங்கே செங்கல் வைக்கக்கூடாது. எல்லைக்கு வெளியே இருந்த ஒரே புறம்போக்கு சாலைக்கு அந்தப் பக்கம், அணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. கோபுரம் அங்கே நாற்பது அடி உயரத்துக்கு எழும்பியது. உச்சியில் ஏறி நின்றால் எதிரே கார் தொழிற்சாலை ஒன்றின் வண்டி நிறுத்தும் மைதானம் தெரிந்தது. ஆயிரக்கணக்கான புதுக் கார்கள், வெள்ளை தனியாக, சிவப்பு தனியாக, வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. அணை இருந்த பக்கம் மாடிப்படிக்கான சுவர் வந்துவிட்டது.

இரண்டாவதாக, பயணிகள் தவறி விழுந்துவிடாமல் இருக்க, அணையைச் சுற்றிலும் எட்டடி உயரத்துக்குத் தகர வேலி. நுழைவதற்கு அதே உயரத்தில் ஒரு தகரக் கேட். விதிகளை எழுதிய பலகை ஒன்று.

மூன்றாவதாக, அணையில் எப்போதும் தண்ணீர் இருப்பதில்லை என்ற குறை ஆலோசகரின் கவனத்துக்கு வந்ததால், வேலிக்கு வெளியே இடுப்பளவு உயரத்தில் ஒரு மாதிரி அணை. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார்கள். சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடி, குட்டி மதகுகள் ஐந்திலும் தண்ணீர் கொட்டும்.

இவ்வளவும் ஆன பிறகு, சொன்னால் நம்புவது கஷ்டம், ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். குடும்பம் குடும்பமாகக் கோபுரத்தில் ஏறிக் கார்களைப் பார்த்தார்கள். தாங்கள் வேலை செய்து அனுப்பிய கார்களை அடையாளம் காட்டினார்கள். சின்னப்பராஜின் மனைவி சகாயமேரி பஜ்ஜிக் கடை போட்டார். மாதிரி அணைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தகர வேலிக்குப் பின்னால் என்ன என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கு, உள்ளே ஏதோ வேலை நடக்கிறது என்று பதில் சொல்லப்பட்டது.

நம்பிராஜன் மட்டும் கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய் நிஜ அணையின் எதிரே உட்கார்ந்தான். முந்தின வருட மழை மேலே இருந்த ஏரிகளை நிரப்புவதற்கே சரியாகப் போயிருந்தது. சின்னப்பராஜுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"தம்பி, வெளிய இருக்குதே சின்ன அணை, அதுல தண்ணி போவுதுல்ல. அதப் பாத்துட்டு கணக்குல எழுதிக்கினு போயேன்."

"அது சேராது அண்ணாச்சி."

"யாரு வந்து கேக்கப் போறா?"

"நான் கேப்பேம்லா."

சின்னப்பராஜ் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்குத் திரும்பினார். தன்னையே கேள்வி கேட்கும் ஆசாமிகளிடம் அரசு ஊழியர்கள் பழகியதில்லை.

2011 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு வானம் வெளுத்திருந்தது. காலை ஆறேகால் மணிக்கு நம்பிராஜனுக்குப் போன் வந்தது.

"தம்பி, தண்ணி ஏறிகினே கீது. ஒரு மணி நேரத்துல சொவுத்துக்கு மேல வந்துடும். ஓடியா."

அவன் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸில் போய் இறங்கி, நேராக சூப்பர்வைசர் வனமாமலையிடம் லீவு சீட்டை நீட்டினான். வனமாமலை நாங்குநேரிக்காரர். லைனில் முப்பத்தொரு பேருக்கு அவர்தான் மேலதிகாரி, அவர்தான் அண்ணாச்சி.

"ஏலே, காரணம்னு போட்ட இடத்துல என்னல எழுதியிருக்க? அணையில் தண்ணீர் பார்க்கவா?"

"உள்ளதைத்தான எழுதியிருக்கேன் அண்ணாச்சி."

"உள்ளதை எழுதினா எவன்ல லீவு குடுப்பான்? காய்ச்சல்னு போடு."

"காய்ச்சல் இல்லையே."

"காய்ச்சலுக்கு லீவு உண்டு. அணைக்கு லீவு கிடையாது. உனக்கு லீவு வேணுமா, உண்மை வேணுமா, ஒண்ணைச் சொல்லு."

நம்பிராஜன் லீவை எடுத்துக்கொண்டான். அவன் கேட் வரை போனதும் வனமாமலை பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"நெசமாவே தண்ணி வருதால?"

"வருதாம் அண்ணாச்சி."

அடுத்த அரைமணி நேரத்தில் அந்த லைனில் மீதி முப்பது பேருக்கும், அவர்களைத் தொட்டுப் பார்த்த வகையில் சூப்பர்வைசருக்கும் காய்ச்சல் கண்டது. கம்பெனி நிர்வாகம் கவலைப்பட்டு வளாகம் முழுவதும் கொசு மருந்து அடிக்க உத்தரவிட்டது.

நம்பிராஜன் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. உள்ளே தகரத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. மூன்று வருடம் காத்திருந்த சத்தம். கேட்டின் அருகே சந்திரலேகா குடையோடு நின்றிருந்தார்.

"உள்ள போகணும் மேடம்."

"இன்னிக்கு முடியாது நம்பிராஜன். பலகையில ஏழாவது விதியைப் படிங்க."

அவன் படித்தான். 'பார்வை நேரம் காலை 10 முதல் மாலை 5 வரை, தண்ணீர் வழியும் நாட்கள் நீங்கலாக.'

"அப்ப தண்ணி இல்லாதப்ப பாக்கலாம். தண்ணி இருந்தா பாக்கக் கூடாது."

"ஆமா. ரொம்பத் தெளிவான விதி."

"யாருக்காக மேடம் இந்த விதி?"

"பயணிகளோட பாதுகாப்புக்காக." சந்திரலேகா சற்றுத் தயங்கினார். "விதி எழுதறப்ப உள்ள வர்ற பயணி நீங்க ஒருத்தர்தான். உங்களை நினைச்சுத்தான் எழுதினோம்."

"தண்ணி எவ்வளவு போகுது?"

"நாலு அங்குலம்."

"நாலு அங்குலத்துல நான் அடிச்சிட்டுப் போயிருவேனா மேடம்?"

"அங்குலம் எத்தனைன்னு விதியில இல்லையே."

இதற்குள் உள்ளூர் சேனலில், கருங்காலித்தாங்கல் அணை நிரம்பி வழிகிறது, பொதுமக்கள் யாரும் அங்கே வர வேண்டாம் என்று ஓடத் தொடங்கியிருந்தது. வர வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்ததும் பொதுமக்கள் கிளம்பினார்கள். பத்து மணிக்குள் கேட்டுக்கு வெளியே ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். பார்வைக் கோபுரமும் மூடப்பட்டது. அதிலிருந்து அணை தெரியாது என்பதை உத்தரவு போட்டவர்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

கூட்டம் தகரத்தில் சாய்ந்தது. தகரம் வளைந்தது. சந்திரலேகாவிடம் இருந்த ஆட்கள் மொத்தம் சின்னப்பராஜ் ஒருவர்.

"மேடம், இந்தத் தம்பி நல்லா காவல் காப்பாரு" என்றார் சின்னப்பராஜ். பிறகு, அது தனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டிவருமோ என்று பேச்சை நிறுத்திக்கொண்டார்.

சந்திரலேகா நம்பிராஜனைப் பார்த்தார்.

"பார்வையாளரா உள்ள விட முடியாது. தன்னார்வலரா விடலாம். கையில ரிப்பன் கட்டிக்குங்க. கேட்டுக்கு உள்பக்கம் நின்னு கூட்டத்தை அமைதிப்படுத்தணும்."

"உள்பக்கமா?"

"உள்பக்கம்தான். ஆனா கூட்டத்தைப் பார்த்துக்கிட்டு."

அவன் ரிப்பனைக் கட்டிக்கொண்டான். உள்ளே போய்விட்டால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நொடி போதும், பத்தொன்பது கணக்கில் ஏறிவிடும். கூட்டம் கூடவே நுழைந்துவிடாமல் அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து உள்ளே போய், ஒரு முக்காலியில் ஏறி, கேட்டுக்கு மேல் முகம் மட்டும் தெரிய நின்றான். முதுகுக்கு இருபதடி பின்னால் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பிடரியில் ஈரக்காற்று பட்டது. மெல்லக் கழுத்தைத் திருப்பினான்.

"ஏய், அவன் பாக்கறான்பா" என்று ஒரு குரல் வந்தது. "நாங்க மட்டும் பாக்கக் கூடாதா?"

கூட்டம் ஓரடி முன்னால் வந்தது. தகரம் முனகியது. முன்வரிசையில் காய்ச்சல்காரர்கள் முப்பத்தொரு பேரும் நின்றிருந்தார்கள்.

"ஏலே நம்பி, திரும்பாத" என்றார் வனமாமலை. "நீ திரும்பினா நாங்க உள்ள வந்துருவோம், பாத்துக்கோ."

"அண்ணாச்சி, ஒரே ஒரு தடவை."

"அதெப்படில? கையில ரிப்பனைக் கட்டிக்கிட்டு நீயே விதியை மீறலாமா?"

அவன் திரும்பவில்லை. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் ஆயிரம் பேரும் அவனையே பார்த்தார்கள். அவன் ஆயிரம் பேரையும் பார்த்தான். பின்னால் இருந்தவர்கள் கேமரா போன்களைத் தகரத்துக்கு மேலே தூக்கிப் படம் எடுத்தார்கள். வானம் விழுந்தது. சிலருக்கு அவன் தலையும் விழுந்தது. சகாயமேரியின் கடையில் பன்னிரண்டு மணிக்கே மாவு தீர்ந்துவிட்டது. போகும்போது எல்லோரும் பதிவேட்டைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். நோக்கம்: அணையைப் பார்த்தல்.

கடைசி ஆள் போனபோது மணி ஐந்தரை. கூட்டத்தின் இரைச்சலில் தண்ணீர்ச் சத்தம் எப்போதோ அமுங்கிப் போயிருந்தது. நம்பிராஜன் திரும்பினான். சுவர் நனைந்திருந்தது. மேலே ஒன்றும் வரவில்லை.

"நாலு மணிக்கே நின்னுடுச்சுன்னு மேடம் சொன்னாங்க தம்பி" என்றார் சின்னப்பராஜ்.

"நீங்க பாத்தீங்களா அண்ணாச்சி?"

"நான் எங்க பாக்க? தகரத்தப் புடிச்சிகினு நின்னேன்."

சந்திரலேகா கோப்பை மூடிக்கொண்டிருந்தார். அவன் கேட்பதற்கு முன்பே சொன்னார். "அரை மணிக்கு ஒரு தடவை மேல போன்ல சொல்லணும். அளவுகோலைத்தான் பார்த்தேன். தண்ணியைப் பார்க்கலை."

மறுநாள் மதியம் கேன்டீனில் காய்ச்சல் குணமானவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த லைன்காரர்கள் தட்டோடு வந்து சுற்றி நின்றார்கள். வனமாமலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு ஆள் உயரத்துக்கு விழுதுடே. நுரைன்னா நுரை, இங்கிருந்து அந்தக் கை கழுவுற இடம் வரைக்கும். மீன் தாவுது."

"எவ்ளோ பெரிய மீனு?" என்றான் அடுத்த லைன் சக்திகுமார்.

"கையை விரிச்சா பத்தாது."

மேசையின் முப்பது பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவன் தனக்குச் சாரல் அடித்து சட்டை நனைந்ததைச் சொன்னான். இன்னொருவன் ஒரு மரம் மிதந்து போனதைச் சொன்னான். சக்திகுமாருக்கு முழுத் திருப்தி வரவில்லை. கடைசியில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த நம்பிராஜன் பக்கம் திரும்பினான்.

"இவங்கள்லாம் வெளிய நின்னவங்க. உள்ள நின்னவன் நீதான். நீ சொல்லு, ரெண்டு ஆள் உயரமா?"

முப்பத்தொரு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள், நேற்றுப் பார்த்ததைப் போலவே. வனமாமலையின் கையில் அப்பளம் பாதியில் நின்றது. நாலு அங்குலம் என்ற சொல் நம்பிராஜனின் வாய் வரைக்கும் வந்தது. கூடவே, நீ பார்த்தாயா என்று அடுத்து கேட்பார்கள் என்பதும் வந்தது.

"ரெண்டு ஆள் உயரம் இல்ல" என்றான். ஒரு வாய் சாதத்தை மென்று விழுங்கினான். "மூணு இருக்கும்."

மேசை மூச்சு விட்டது. வனமாமலை அப்பளத்தைக் கடித்தார்.

"எனக்கும் மூணுன்னுதான் தெரிஞ்சது" என்றார். "சொன்னா நம்ப மாட்டாங்கன்னு ஒண்ணைக் குறைச்சுச் சொன்னேன்."